பயம் என்று எழுதிய தாள்

மழை விட்டு அரைமணி ஆகியும் தையல் கூடத்தின் தகரக் கூரை சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு ஓவர்லாக் மெஷின் நடுநடுவே வேகம் செத்து முனகியது. மெக்கானிக் ஊசி, மேஜைக்கு அடியில் குனிந்து மோட்டார் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது. நட்டைத் தளர்த்தி, மோட்டாரை ஒரு விரற்கடை கீழே இறக்கி, மறுபடி இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்த நொடியில் நெஞ்சு கிளம்பிவிட்டது.

கிளம்பிவிட்டது என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள். அது மெல்ல மெல்ல ஏறுவதில்லை. சுவிட்சைப் போட்டதுபோல் ஒரே தட்டு, அதற்குப் பிறகு எண்ண முடியாத ஓட்டம். கழுத்தில் இரண்டு பக்கமும் உள்ளிருந்து அடி விழும். கண்முன்னால் இருக்கிற நூல்கண்டுகள் நிறம் வெளுத்துப்போகும். பத்து நிமிஷமோ நாற்பது நிமிஷமோ ஆட்டிவைத்துவிட்டு, வந்த மாதிரியே சட்டென்று நின்றுவிடும். ஆறு வருடமாக வந்து போகிறது. முன்பு மாதத்துக்கு ஒன்று. இந்த வருடம் வாரத்துக்கு ஒன்று.

வழக்கமாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, வயிற்றை முக்கி, அது போகிறவரை நின்று சமாளிப்பாள். அன்று கால் துவண்டது. வெட்டி அடுக்கிய துணிக்கட்டின் மேல் சரிந்தாள். வரிசை முழுக்க மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஊசி என்பது பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். ஒல்லி உடம்பு, குத்துகிற பேச்சு. தையல் மெஷின் மெக்கானிக் ஆனபிறகு பெயர் இன்னும் பொருந்திப்போய், பதிவேட்டில் இருக்கிற பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கூடத்தில் நூற்றிருபது மெஷின், மூன்று மெக்கானிக். அதில் பெண் அவள் ஒருத்திதான். எட்டு வருடம் எண்ணெய் துடைத்து, நூல் சுற்றி, ஆம்பிளை மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பிறகு அவர்கள் கைவிட்ட ஒரு மெஷினைத் தனியாகப் பிரித்துப் பூட்டி ஓடவைத்துக் காட்டி வாங்கிய இடம் அது.

கம்பெனி டாக்டரின் அறை மாடியில் இருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது அது நின்றுவிட்டது.

"போச்சு" என்றாள் ஊசி. கூட வந்தவர்கள் நல்லதாய்ப் போச்சு என்று நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் தன்மையான மனிதர். ஈசிஜி எடுத்தார். கோடு ஒழுங்காக வந்தது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். புருஷன் குடிப்பாரா, மகள் நன்றாகப் படிக்கிறாளா, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். நெஞ்சு எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தபோது தலையாட்டிக்கொண்டே எழுதினார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘மனப்பதற்றம், பயம். ஓய்வு தேவை. இயந்திர வேலை தவிர்க்கவும்.’

கூடத்தின் மேனேஜருக்கு டார்கெட் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அந்த வார்த்தை வராமல் மூடாது. அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"பயம்னு போட்டிருக்கே."

"எனக்குப் பயம் இல்ல சார்."

"டாக்டர் எழுதியிருக்காரும்மா. நான் என்ன பண்ணட்டும்? நாளையிலேருந்து பிசிறு வெட்டுற மேஜைக்குப் போயிடு. உக்காந்த வேலை. கையில ஒரு கத்தரி, அவ்வளவுதான். கரண்டும் இல்ல, சுத்துற சாமானும் இல்ல."

"எத்தனை நாளைக்கு?"

"பயம் போற வரைக்கும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊசி திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லாதது எப்படி சார் போகும்? எனக்குப் பன்னெண்டு நாள் லீவு இருக்கு. அதை எழுதிக்குங்க. திரும்பி வரும்போது வேற தாளோட வர்றேன்."

"வேற தாளா? எந்தக் கடையில விக்கறாங்க?"

"தேடிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்கு வந்ததும் நேரே கழிப்பறைக்கு ஓடவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை அது வந்து நின்றபிறகும் இப்படித்தான், குடம் குடமாகப் போகும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

வீடு இரண்டு அறை. மாடியில் புருஷனின் அக்கா தனியாக இருந்தாள்; ஊசி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். சாயங்காலம் குழந்தைகளையெல்லாம் இறக்கிவிட்டு, சட்டையில் சாக்லேட் கறையோடு வருவார். அன்று அவர் வருவதற்குள் செய்தி வந்திருந்தது. அண்ணியும் இறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊசி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்மா" என்றாள் அண்ணி. "எனக்கும் வந்துச்சு. குப்புனு ஏறும், படபடங்கும், நனைஞ்சுபோவேன். நான் என்ன ஊரைக் கூட்டினேனா?"

"உங்களுக்கு வந்தது வேற அண்ணி. எனக்கு இது முப்பத்திரண்டு வயசுலயே வந்தாச்சு."

"எல்லாம் ஒண்ணுதான். நீ ஒரு நிமிஷம் சும்மா இருக்கியா? மெஷினு, மெஷினு, மெஷினு. உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

டிரைவர் தாளை இரண்டு தரம் படித்தார். மடித்து டீவி மேல் வைத்தார்.

"ஈசிஜி சரியா இருக்குன்னா சரியாத்தானே இருக்கும்? படிச்ச மனுஷன் பொய்யா எழுதப்போறாரு?"

"பொய்யுன்னு நான் சொல்லல. அவர் பாக்கும்போது அது இல்ல."

"இல்லாததை எப்படிப் பாக்கறது?"

ஊசி கத்தியைக் கீழே வைத்தாள். "போன மாசம் உங்க பஸ்ஸுல பிரேக்கு கிறீச்சிடுதுன்னு பட்டறைக்குக் கொண்டுபோனீங்க. அங்க போனதும் சத்தமே வரல. வண்டிக்கு ஒண்ணுமில்ல, டிரைவருக்குத்தான் பயம்னு அவன் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டு வந்திருப்பீங்களா?"

"வண்டியும் உடம்பும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். வண்டிக்காக அவனோட ரெண்டு நாள் சண்டை போட்டீங்க."

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் வாசலில் வந்து நின்றாள். பதினாறு வயது. அதிகம் பேசாத பெண்.

"அப்பா, அது வரும்போது அம்மா கழுத்து தவளைக் கழுத்து மாதிரி துடிக்கும்பா. நான் பாத்திருக்கேன். பயந்தா அப்படி ஆகுமா?"

"நீ போய்ப் படி" என்றார் அவர்.

மறுநாள் காலை ஊசி பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்குத் தனியாகப் போனாள். முதல் நாள் மறுபடி ஈசிஜி, பிறகு எக்கோ. இருட்டறையில் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். திரையில் வால்வுகள் திறந்து மூடுவதை அவளும் எட்டிப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. அவர்களும் அதையே சொன்னார்கள். சுவர் சரி, வால்வு சரி, ஓட்டை இல்லை. பிறகு ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி, நெஞ்சில் ஐந்து கம்பி ஒட்டி, ஒரு நாள் முழுக்க நெஞ்சு அடிப்பதைப் பதிவுசெய்யும் என்று அனுப்பினார்கள்.

அந்த ஒரு நாள் அவள் மாடிப்படி ஏறி இறங்கினாள். தண்ணீர்க் குடம் தூக்கினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து பெருக்கினாள். அது வரவில்லை. பாழாய்ப்போன நெஞ்சு, சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் நார்மல்மா" என்றார் இளம் டாக்டர் ஒருவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். "ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"நான் கவலைப்படல. வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன். வந்ததும் சொல்றேன், கம்பியைப் போட்டுப் பாருங்க."

"அப்படியெல்லாம் உக்கார முடியாது. வந்தா எமர்ஜென்சிக்குப் போங்க."

"அங்க சீட்டுப் போட்டு, வரிசையில நின்னு, பேரு கூப்பிடறதுக்குள்ள அது போயிடுது. நாலு தடவை ஆச்சு. எங்க கம்பெனியில ஒரு மெஷின், ஆயிரம் தையலுக்கு ஒரு தையல் விடும். துணியைப் பாத்தா தெரியும், மெஷினைப் பாத்தா தெரியாது. அதுக்கு என்ன பண்ணுவேன் தெரியுமா? ஸ்டூலைப் போட்டு அது பக்கத்துல உக்காந்துக்குவேன். தப்பு பண்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

"இது மெஷின் இல்லம்மா."

"அதான் நானே துணைக்கு உக்கார்றேன்னு சொல்றேன்."

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஈசிஜி அறைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. ஊசி அதில் உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்கு வருவாள். டப்பாவில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருக்கும். அறை மூடுகிறபோது போவாள். மழைக்காலத்து ஈரம் சுவரில் படர்ந்திருக்கும். நனைந்த குடைகள் மூலையில் குவிந்திருக்கும். ஸ்ட்ரெச்சர்கள் வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஈசிஜிக்காரி கவனித்தாள். பருத்த உடம்பு, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற வாய். அவள் தள்ளுகிற வண்டியில் ஒரு சக்கரம் திரும்பாமல் இழுத்துக்கொண்டே வந்தது.

"அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஊசி எழுந்துபோய்க் குனிந்து பார்த்தாள். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். சக்கரத்தில் சுற்றியிருந்த முடியையும் நூலையும் அறுத்து எடுத்து, அச்சை இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"ஏழு மாசமா எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன்க்கா" என்று ஈசிஜிக்காரி வாயைப் பிளந்தாள். "ஆமா, நீ யாரு? யாருக்குத் துணைக்கு வந்திருக்க?"

"என் நெஞ்சுக்கு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நெஞ்சு நல்லா இருக்கணும்னு உக்காந்திருக்கிறவங்களைப் பாத்திருக்கேன். கெடணும்னு காத்துக்கிட்டிருக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"கெட்டதுதான். காட்டிக்க மாட்டேங்குது."

"எது பண்ணா வருது?"

"குனிஞ்சு சடார்னு எழுந்தா பாதி நேரம் வரும்."

"அப்ப குனியேன்."

"காலையிலேருந்து நாப்பது தடவை ஆச்சு. உங்க வாட்ச்மேன் வந்து, எதைத் தேடறீங்கன்னு கேட்டுட்டுப் போறான்."

ஈசிஜிக்காரி சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இந்த அறைக்கு நான்தான். அது வந்தா யாரையும் கேக்காத. நேரா உள்ள வந்து படு. மீதியை நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நாளும் வரவில்லை. சாயங்காலம் டிரைவர் பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெருவுல கேக்கறாங்க. உன் பொண்டாட்டி தினம் எங்க போறான்னு."

"வேலைக்குப் போறான்னு சொல்லுங்க."

"இது வேலையா?"

"பழுது பாக்கறதுதான் என் வேலை."

அவர் சட்டையில் இருந்த சாக்லேட் கறையைச் சுரண்டினார். "ஒருவேளை டாக்டர் சொன்னது சரியா இருந்தா? நீயே வரணும் வரணும்னு நினைச்சு நினைச்சு..."

"சரியா இருந்தா அதையும் தாளைப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன். ஆனா அது ஓடும்போது எடுத்த தாளா இருக்கணும்."

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஊசி வாங்கிவைத்த டீ பெஞ்சிலிருந்து கவிழ்ந்தது. துடைப்பதற்காகத் துணியோடு குனிந்தவள், எழும்போது அப்படியே நின்றாள். தட்டு விழுந்தது. கிளம்பிவிட்டது.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பழக்கத்தில் மூச்சை அடக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள். எதிர்க்கதவு எட்டு அடி தூரம். தரை மெத்தைபோல அமுங்கியது. கதவைத் தள்ளினாள்.

"வந்திருச்சு."

ஈசிஜிக்காரி வேறொருவருக்குக் கம்பி ஒட்டப்போயிருந்தாள். அவரை நாற்காலிக்குத் தள்ளிவிட்டு, "படு, படு, படு" என்றாள். வாசலில் இருந்த உதவியாள், "சீட்டு எங்க? சீட்டு இல்லாம மெஷினைப் போடக் கூடாது" என்று உள்ளே வந்தான்.

"சீட்டு அப்புறம் வரும், நீ வெளிய போ. அக்கா, மூச்சை முக்கிடாத. அதை நிறுத்திடாத! விடு, ஓடட்டும்!"

"ஓடுது... நீ எடு."

மெஷின் கிறுகிறுவென்று தாளைத் துப்பத் தொடங்கியது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சீப்பின் பற்கள்போல நெருங்கி நெருங்கி வந்தன. ஈசிஜிக்காரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றாள். "அக்கா, நிமிஷத்துக்கு இருநூத்திப் பன்னெண்டு!"

ஊசிக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. இருந்தாலும் கையை நீட்டித் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடமாக அவள் சொன்னதையெல்லாம் அது கறுப்பு மையில் சொல்லிக்கொண்டு நீண்டது.

இதயத் துடிப்பின் கோளாறுகளை மட்டும் பார்க்கிற பெரிய டாக்டரை ஈசிஜிக்காரி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். ஐம்பது வயதுப் பெண்மணி, கரகரத்த தொண்டை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்களின் காலணி. தாளைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். மூச்சை முக்கி அதை நிறுத்துவதற்காக ஒரு காலி சிரிஞ்சைக் கொடுத்து ஊதச் சொன்னார். நிற்கவில்லை. கையில் மருந்து ஏற்ற ஊசி குத்தினார்கள்.

"இந்த மருந்து போனதும் சில நொடி ரொம்ப மோசமா இருக்கும். செத்துப்போற மாதிரியே இருக்கும். ஆனா சாக மாட்டீங்க. சரியா?"

"போடுங்க."

மருந்து உள்ளே போயிற்று. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. அதன்பின் ஒன்றுமே இல்லை, அடிப்பே இல்லை. தாளில் ஒரு நீளக் கோடு மட்டும். பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு வரிசையாக, இடம்விட்டு இடம்விட்டு, நிதானமாக.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சுவிட்சு போட்ட மாதிரி ஆரம்பிக்குமா?"

"ஆமா."

"அதே மாதிரி சட்டுனு நிக்குமா? கழுத்துல துடிக்குமா?"

"தவளை மாதிரின்னு எம்பொண்ணு சொல்லுவா."

டாக்டர் முகத்தில் சிரிப்பு வந்தது. "எங்க புத்தகத்துலயும் தவளைன்னுதான் போட்டிருக்கு. நின்னப்புறம் சிறுநீர் நிறையப் போகுமா?"

ஊசிக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. படுத்தபடியே கண்ணீர் இரண்டு காதுகளுக்கும் வழிந்தது. "இதைக் கேக்க ஆறு வருஷமா ஆளில்லையே டாக்டர்" என்றாள்.

அவள் அழுது முடித்ததும் டாக்டர் விளக்கினார். நெஞ்சுக்குள் துடிப்பை எடுத்துப் போகிற மின்சாரத்துக்கு ஒரு வழிதான் இருக்கவேண்டும். அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வழி இருக்கிறது. பிறவியிலேயே இருப்பது. எப்போதாவது ஒரு துடிப்பு இந்த வழியாகப் போய் அந்த வழியாகத் திரும்பி, வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். மாத்திரையால் ஓரளவு அடக்கலாம். இல்லையென்றால் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை நெஞ்சுவரை கொண்டுபோய், அந்த அதிகப்படி வழியைச் சுட்டு மூடிவிடலாம்.

"மூடிட்டா?"

"பெரும்பாலும் திரும்பி வராது. ஆனா ஒண்ணு சொல்லணும். நல்ல வழியும் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. நூறு பேர்ல ஒருத்தருக்கு, அதைவிடக் கம்மியாத்தான், நல்ல வழியிலயும் சூடு பட்டுடலாம். அப்படி ஆனா பேஸ்மேக்கர் வெக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

ஊசி சுட்டு மூடவே சொல்லி வார்டில் சேர்ந்துவிட்டாள்; மறுநாள் மாலை சம்மதப் படிவம் வந்தது. கட்டிலைச் சுற்றி டிரைவர், அண்ணி, மகள் மூன்று பேரும் நின்றார்கள். நோயாளி கையெழுத்து, உறவினர் கையெழுத்து என்று இரண்டு இடம் விட்டிருந்தது.

"மாத்திரை இருக்குன்னு சொன்னாங்கல்ல" என்றார் டிரைவர். "அதைச் சாப்பிட்டுக்கிட்டு வீட்டுல இரேன். பிசிறு வெட்டுற மேஜையே போதும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"நூத்துல ஒண்ணுன்னு சொல்றாங்க. அந்த ஒண்ணு நீயா இருந்தா?"

"தொண்ணூத்தொம்பது பேர்ல நான் இருக்க மாட்டேனா?"

"நெஞ்சுக்குள்ள கம்பியை விட்டுச் சுடுவாங்களாம். கேக்கவே குலை நடுங்குது எனக்கு."

ஊசி அவரையே பார்த்தாள். "பயம்னு அந்த டாக்டர் எழுதினாரே, அதை உங்க பேருல எழுதியிருக்கணும்."

டிரைவர் முகம் சிவந்தது. நர்ஸ், "உறவுக்காரங்க யாராவது போட்டாத்தான்மா" என்று இழுத்தாள். மகளுக்கு இன்னும் வயது ஆகவில்லை.

அப்போது அண்ணி படிவத்தைக் கையில் வாங்கினாள். அவள் நேற்றிலிருந்தே வித்தியாசமாக இருந்தாள். நர்ஸிடம் கேட்டு அந்த ஈசிஜி தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"எனக்கு வயித்துவலின்னு பதினோரு வருஷம் அழுதேன்" என்றாள் தம்பியைப் பார்த்து. "பிள்ளை இல்லாத ஏக்கம்னு எல்லாரும் சொன்னீங்க. நீயும் சொன்ன. கடைசியில பித்தப்பையில கோலிக்குண்டு கணக்கா மூணு கல்லு. எடுத்தப்புறம் யாராவது ஒருத்தர் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? நானும் கேக்கல. இவ கேக்கறா. கேக்கட்டும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நோயாளி இடத்தில் ஊசி கையெழுத்திட்டாள். டிரைவர் வெளியே போய்விட்டார்.

காலையில் கம்பி விடுகிற அறைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் கதவோரத்தில் நின்றார். சவரம் செய்யாத முகம். பஸ்ஸுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு வந்திருந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதவுவரை கூடவே வந்தார்.

அறை குளிர்ந்து கிடந்தது. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அவளுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. தலைமாட்டில் திரைகள் வரிசையாக ஒளிர்ந்தன. உள்ளே ஏதோ நகர்வதுபோல லேசாகக் குறுகுறுத்தது.

"இப்ப நாங்களே அதை வரவைப்போம்" என்றார் டாக்டர், முகமூடிக்குள்ளிருந்து. "வந்தாத்தான் எங்க இருந்து வருதுன்னு பிடிக்க முடியும். பரவாயில்லையா?"

"அதுக்குத்தானே டாக்டர் நாலு நாள் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு திரையிலிருந்து எண்களை ஒருவர் வாசித்தார். நெஞ்சு திடீரென்று ஒரே தட்டில் கிளம்பியது. இந்தத் தடவை சுற்றிலும் ஆறு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதுவே போதும்போல இருந்தது. மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி வரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நெஞ்சுக்கு நடுவில் தீக்குச்சி சுட்டதுபோல் ஒரு காந்தல். "அசையாதீங்க, அசையாதீங்க" என்றார் டாக்டர். அந்தக் கரகரத்த குரலில் முதல் தடவையாக இறுக்கம் தெரிந்தது. ஊசி கூரையில் இருந்த ஒரு விளக்கை வெறித்துக்கொண்டு கல்லாகக் கிடந்தாள்.

பிறகு எவ்வளவோ முயன்று பார்த்தார்கள். மருந்து கொடுத்தார்கள், கம்பியால் நெஞ்சை வேகமாகத் தட்டிவிட்டார்கள். அது வரவில்லை. நல்ல வழி பத்திரமாக இருந்தது.

காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுத்திருக்கவேண்டும் என்றார்கள். டிரைவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நார் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடித்தும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னை நம்பாம அந்தத் தாளை நம்பினேன்" என்றார்.

"ஆமா" என்றாள் ஊசி.

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை.

"அதைக் குடுங்க, கையில வெச்சு சூடாக்கிட்டிருக்கீங்க" என்று ஆரஞ்சை வாங்கிக்கொண்டாள். இரண்டு சுளை தின்றாள். மூன்றாவதை அவரிடம் நீட்டினாள்.

லீவு முடிந்த அன்று ஊசி தையல் கூடத்துக்குள் போகாமல் நேராக மாடிக்கு ஏறினாள். தொடையில் இன்னும் லேசாகக் கன்றிப்போன வலி இருந்தது. கம்பெனி டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரவேற்றார். அவள் பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைத்தாள். அதன் மேல் சீப்புப் பற்கள் மாதிரியான அந்த ஈசிஜியை விரித்தாள். அதன் பக்கத்தில் பயம் என்று எழுதிய தாளை வைத்தாள்.

அவர் வெகுநேரம் படித்தார். நல்ல மனிதர்தான். முகம் கறுத்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. குணமாயிட்டீங்க. வேலைக்குப் போகலாம்னு புதுசா எழுதித் தர்றேன்."

"பழசை என்ன பண்ணப்போறீங்க?"

"அது... அன்னிக்கு ஈசிஜி நார்மலாத்தான் இருந்துச்சு. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். நார்மல்னு எழுதியிருந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பயம்னு ஏன் எழுதினீங்க? பயத்தை எந்த மெஷின்ல எடுத்தீங்க?"

அவர் பேனாவை உருட்டினார். கீழே கூடத்தில் நூற்றிருபது மெஷின்களும் ஓடுகிற அதிர்வு மேஜையில் தெரிந்தது.

"தெரியலைன்னு எழுதினா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஏதாவது ஒரு பேரு வெச்சாகணும்."

"எங்ககிட்ட மூணு அட்டை இருக்கு டாக்டர். சரின்னு ஒண்ணு, பழுதுன்னு ஒண்ணு. என்னன்னு தெரியலைன்னா, பார்வையில்னு எழுதின மூணாவது அட்டையைக் கட்டித் தொங்கவிடுவோம். அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. அந்த மெஷின்ல தைக்கறவ மேல தப்புன்னு எழுத மாட்டோம்."

டாக்டர் பழைய தாளை இழுத்தார். ‘மனப்பதற்றம், பயம்’ என்பதன் மேல் கோடு கிழித்தார். பக்கத்தில் நோயின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, கீழே ‘முன்பு எழுதியது தவறு’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். கோப்பில் இருந்த நகலிலும் அதையே எழுதச்சொல்லி அவள் நின்றாள். அதிலும் எழுதினார். டார்கெட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றாள். அதற்கும் எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"கொஞ்சம் வேகமா இருக்கே. நெஞ்சு படபடங்குதா?"

"படபடங்குது" என்றாள் ஊசி, தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. "அது கோபம். சரியா எழுதிக்குங்க."

ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கீழே ஏதோ ஒரு வரிசையில் மெஷின் ஒன்று நின்றுபோய், "மெக்கானிக்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"வர்றேன்" என்று இவளும் கத்தினாள்.